அக்கா வீட்டு ஆண் மரம்

மொட்டுக்காரர் கட்டிய மொட்டு பட்டுப்போனதாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சரித்திரத்தை எழுதியவரும் அவரே, ஊரெல்லாம் வாசித்துக் காட்டியவரும் அவரே. டயர் கடையில் சொல்வார். முடி வெட்டிக்கொள்ளும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லியிருந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் சொன்னார். "நான் கட்டினா பிடிக்கும். பிடிக்கலைன்னா அது நான் கட்டினதில்லைன்னு அர்த்தம்." இதற்கு மேல் யார் என்ன பேசுவது?

அவருடைய தொழில் ரம்புட்டான். வேறு மரங்களுக்கும் கத்தி எடுப்பார். ஆனால் ரம்புட்டானைப் பற்றிப் பேசும்போதுதான் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரல் இறங்கும். வருஷம் முழுக்க இலை கொட்டாமல் பச்சைப்பசேல் என்று நிற்கிற மரம். பருவம் வந்துவிட்டால் முடி வைத்த பழங்கள் கொத்துக் கொத்தாகச் சிவக்கும், சில வகையில் மஞ்சளாகும். தெருவில் போகிறவன் வேலையை மறந்து அண்ணாந்து நிற்பான். பார்க்க அத்தனை லட்சணம். குணம்தான் கொஞ்சம் மோசம். கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால், வந்த கன்று ஆணா பெண்ணா என்பது கடவுளுக்கே வெளிச்சம். வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, ஆடு கடிக்காமல் காபந்து பண்ணி, பூத்த பிறகுதான் விஷயம் தெரியும். ஆண் மரமாக இருந்தால் பூவோடு சரி. ஒரு பழத்தைக் கண்ணில் காட்டாது.

அதனால்தான் மொட்டுக்காரருக்குப் பிழைப்பு ஓடுகிறது. நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்து ஒரு மொட்டைத் தோலோடு சின்னச் சதுரமாகச் சீவி எடுப்பார். இளங்கன்றின் தண்டில் அதே அளவுக்குத் தோலை நீக்கி, அந்த இடத்தில் மொட்டை உட்கார வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டுவார். ஒட்டிக்கொண்டு துளிர்த்ததும் கன்றின் பழைய தலையை வெட்டிவிடுவார். அதற்குப் பிறகு அது காய்க்கிற மரம், சந்தேகமே வேண்டாம்.

சந்தேகமே வேண்டாம் என்று சொல்லித்தான் சொந்த அக்காவுக்கும் ஒரு கன்று கொடுத்தார்.

அக்கா தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரமாக மிஷின். புதுத் துணி தைப்பதைவிட, இருக்கிற துணியை ஆளுக்கு ஏற்றபடி ஆக்குவதுதான் அவளுக்கு அதிக வேலை. ஜிப்பு மாற்றுவது, கை நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிடித்த இடுப்பை மறுபடி விடுவது. தெருவில் யார் இளைத்தார், யார் பெருத்தார், பெருத்துக்கொண்டே யார் இளைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளிடம் யார் வாய் கொடுப்பார்கள்? ஊரில் யாருக்கும் அடங்காத மொட்டுக்காரரே அக்கா முன்னால் போனால் பூனைக்குட்டிதான். "டேய்" என்று ஒரு சத்தம் வந்தால் போதும், ஐம்பத்தைந்து வயதும் நரைத்த மீசையும் எங்கே போயினவென்று தெரியாது.

காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் முதலில் அக்கா வீடு. ஒரு டம்ளர் டீ, கூடவே நாலு திட்டு. சட்டைக் காலர் கிழிந்ததற்கு ஒன்று, பெண்டாட்டியை வெளியே கூட்டிப் போகாததற்கு ஒன்று, மற்றவை அன்றைய தேதிக்குத் தகுந்தபடி. இது இரண்டும் கிடைத்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். அக்காவுக்குக் காய்ச்சல் வந்து குரல் கட்டிப்போன வாரத்தில், வாங்க வேண்டிய திட்டு பாக்கி நின்றுபோய் அவர் முகம் சுண்டிக்கிடந்ததை அவர் மனைவி இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

அத்தான் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள். விமானத்தில் இரண்டு தடவை தூங்கி எழுந்தால் வருகிற தூரத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். அம்மா தனியாக இருக்கிறாள் என்கிற கவலை அந்தப் பெண்ணுக்கு ஓயவே இல்லை. போன் எடுத்தால் அதே பேச்சு: "அம்மா, எங்கிட்ட வந்துடு."

அக்காவும் தயாராகப் பதில் வைத்திருந்தாள்.

"வராம எங்க போறேன்? உங்க மாமா ஒரு மரம் வெச்சுக் குடுத்திருக்கான். மஞ்சப் பழம். முதல் காய்ப்பு காய்க்கட்டும், ஒரு பழம் என் கையால பறிச்சுத் தின்னுட்டு மறுநாளே ஏறி வந்துடறேன்."

நியாயமான பதில்தானே. மகளும் சரி என்றாள். மொட்டுக்காரருக்கு மட்டும் அதைக் கேட்டதிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. மரம் காய்த்தால் அக்கா போய்விடுவாள். மரத்தை வைத்துக் கொடுத்தவரோ அவரே. தன் கையாலேயே அக்காவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த கதைதான்.

ஆனால் மரம் காய்க்கவில்லை. முதல் தடவை பூத்து உதிர்ந்தபோது, "சின்ன மரம்க்கா, இப்பவே காய்ச்சா பலம் போயிடும்" என்றார். அடுத்த தடவை மழையின் மேல் பழியைப் போட்டார். அதற்கடுத்த தடவை காற்று. ஒரு தடவையாவது கிளையை வளைத்துப் பூவை உற்றுப் பார்த்தாரா என்றால் இல்லை. தான் கட்டிய மொட்டைத் தானே சோதித்துப் பார்ப்பதா? கௌரவம் என்ன ஆவது? மற்றவர் மரமாக இருந்தால் ஸ்கூட்டரை நிறுத்தாமலே இது ஆண் என்று சொல்லியிருக்கக்கூடிய மனிதர், அக்கா வீட்டு மரத்தடியில் நின்று டீ குடித்துவிட்டு, மழையைத் திட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

குட்டு உடைந்தது ரொட்டிக் கடையில். ஒரு நாள் ரொட்டி வாங்கப் போனவரைக் கடைக்காரி கையைப் பிடிக்காத குறையாகப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு மரம், மஞ்சள் மஞ்சளாகக் காய்த்துக் கிளை தாங்காமல் நின்றது.

"மொட்டுக்காரரே, நான் உங்ககிட்ட என்ன மரம் கேட்டேன்?"

மொட்டுக்காரருக்கு ஞாபகம் இருந்தது. அவளிடம் ஏற்கெனவே ஒரு சிவப்பு ரம்புட்டான் உண்டு. பூப்பதோடு சரி, பழம் பிடிக்காது. பக்கத்தில் ஓர் ஆண் மரம் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், பிடிப்பு நன்றாக இருக்கும் என்று யோசனை சொல்லி, ஆண் கன்று ஒன்றை அவர்தான் கொடுத்திருந்தார்.

"ஆண் மரம்."

"ஆம்பளை காய்க்கிறதை எங்கயாவது பாத்திருக்கீங்களா? சிவப்பும் காய்க்குது, இதுவும் காய்க்குது. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேன். நீங்க கை வெச்சா ஆண்கூடக் காய்க்குதுன்னு!"

"கை ராசி" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர் ஸ்கூட்டரில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். அவளுக்குப் போக வேண்டிய ஆண் அவளுக்குப் போகவில்லை. அப்படியானால் அது போன இடம் எது?

தவறு நூலில் நடந்திருந்தது. மொட்டுக்காரர் எதையும் எழுதி ஒட்டுகிற ஆள் இல்லை. எழுதி வைப்பது மறதிக்காரன் வேலை என்பது அவர் கட்சி. சிவப்புப் பழக் கன்றுக்குச் சிவப்பு நூல், மஞ்சளுக்கு மஞ்சள் நூல், ஆணுக்கு வெள்ளை நூல். டயர் கடைக்குப் பின்னால் அவர் வளர்த்து விற்கும், வரிசையாக நிற்கும் கன்றுகளின் கழுத்தில் இந்த நூல்கள்தான் அடையாளம். அந்த வருஷம் வாங்கிய மஞ்சள் நூல் மட்டமான சரக்கு. வெயிலில் சாயம் போய் மஞ்சள் வெளுத்துவிட்டது. மழையில் சேறு தெறித்து வெள்ளை பழுப்பேறி மஞ்சளாகிவிட்டது. வெளுத்தது ரொட்டிக் கடைக்குப் போனது, பழுப்பேறியது அக்கா வீட்டுக்குப் போனது. இதை அவர் அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? அக்கா வீட்டில் மரம் தளதளவென்று கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் முதல் தடவையாகக் கிளையை வளைத்துப் பார்த்தார். பூவெல்லாம் ஆண் பூ. பொடி உதிர்ந்தது. தேனீக்கள் கல்யாண வீடு மாதிரி இரைந்தன. இந்தப் பொடியைத் தேனீ சுமந்துபோய்த்தான் தெருக்கோடி ரொட்டிக் கடை மரங்கள் காய்க்கின்றன என்ற ரகசியமும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"என்னடா, பூவை முறைச்சுப் பாக்கிற?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"பூ நல்லா இருக்குக்கா."

"பூ எப்பவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, வாயிலிருந்த ஊசியை எடுக்காமலே.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப உங்களுக்கு என்ன பயம்? குட்டு வெளிய வந்துடும்னா, இல்லை அக்கா கிளம்பிடுவாங்கன்னா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான்."

உண்மை அதுதான். ஆண் மரம் என்று சொன்னால் மானம் போகும். காய்க்காத மரத்துக்காக யார் காத்திருப்பார்கள், அக்காவும் போய்விடுவாள். சொல்லாமல் விட்டால் மானமும் மிஞ்சும், அக்காவும் மிஞ்சுவாள். காலை டீ கிடைக்கும், திட்டும் கிடைக்கும். இவ்வளவு லாபம் இருக்கும்போது எந்த மனிதன் வாயைத் திறப்பான்? மொட்டுக்காரரும் திறக்கவில்லை. வருஷம் திரும்பியது, பூ வந்தது, உதிர்ந்தது. "இந்தத் தடவை பனி ஜாஸ்தி" என்றார்.

அவர் மனசாட்சியைக் குத்தியது அக்கா மகள்தான். ஒரு நாள் அக்கா உள்ளே அடுப்பைப் பார்க்கப் போயிருந்த நேரம், போன் அடித்தது. மொட்டுக்காரர் எடுத்தார்.

"மாமா, நல்லவேளை நீங்களே எடுத்தீங்க. ஒண்ணு காட்டறேன், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்லி அவள் போனைத் திருப்பினாள். சின்ன அறை. சுத்தமான கட்டில். ஜன்னலோரமாகப் புத்தம் புதுத் தையல் மிஷின், மேலே போர்த்தியிருந்த உறைகூடப் பிரிக்காமல். "அம்மாவுக்கு ஜன்னல்கிட்ட உக்காந்தாதானே கை ஓடும். அதான் இந்த ரூமை நான் யாருக்கும் குடுக்கலை. வேலை விட்டு வந்தா இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காருவேன் மாமா. மரம் எப்ப மாமா காய்க்கும்?"

"காய்க்கும்மா" என்றார். குழந்தையாக இருந்தபோது ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போன பெண். அவள் ஒரு காலி அறையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள், தான் இங்கே அவள் அம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அக்கா உள்ளேயிருந்து வந்து போனை வாங்கி, "என்னடி பண்றது, மரம் காய்க்கலையே" என்று பெருமூச்சு விட்டதும் சேர்ந்துகொண்டது. போதுமடா சாமி என்று ஆகிவிட்டது.

தப்பை ஒத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. தப்பை யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம் என்பதுதான் அவர் புத்திக்கு எட்டிய வழி. வளர்ந்த ஆண் மரத்தையும் காய்க்க வைக்கலாம், கஷ்டமான வித்தை இல்லை. ஒரு பெரிய கிளையை வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் புதுத் தளிர்க் கொம்புகள் வரும். அவற்றில் காய்க்கிற மரத்து மொட்டை வைத்துக் கட்டினால், அந்தப் பக்கம் மட்டும் பெண்ணாகிவிடும். மறுபக்கம் ஆணாகவே இருந்து மகரந்தம் கொடுக்கும். ஒரே மரத்தில் குடித்தனம்.

"அக்கா, இந்தக் கிளையில பூச்சி இருக்கு, வெட்டணும்" என்றார்.

"எங்க பூச்சி? எனக்குத் தெரியலையே."

"உன் கண்ணுக்குத் தெரியாது. உள்ள இருக்கு."

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "வெட்டு" என்றாள்.

தளிர் வந்ததும் மொட்டுகளை எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நேராக ரொட்டிக் கடைப் பின்கட்டுக்குப் போய், அக்கா வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மரத்திலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தார். ஈரத்துணியில் சுற்றி, இந்தத் தடவை நூல் கட்டாமல், சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தார். ஏணி போட்டுக் கட்டி முடித்தபோது கிளை முழுக்க அடிபட்ட ஆள் மாதிரி பிளாஸ்டிக் கட்டு. பூச்சி மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன், பிரித்துவிடாதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தார். அத்தனை மொட்டும் பிடித்தது. பிடிக்காமல் எங்கே போகும்?

பிறகு காத்திருப்புதான். துளிர்த்தது, வளர்ந்தது, ஒரு வருஷம் சும்மா நின்றது. அதற்கடுத்த பருவத்தில், பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாகப் பிஞ்சு நின்றது. மொட்டுக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், சொல்லி முடித்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "போகட்டும். பெத்த பொண்ணுகிட்ட போறா. நாம என்ன சொல்றது?" என்றார். மனைவியோ சந்தோஷம் தாங்காமல் மறுநாள் அக்கா மகளுக்குப் போன் போட்டு, உங்க மாமா புது ஒட்டுக் கட்டியிருக்கார், இந்தப் பருவம் நிச்சயம் என்று உளறிவைத்துவிட்டாள்.

கொத்துகள் வெளிச்சமான மஞ்சளுக்குத் திரும்பத் தொடங்கிய ஒரு காலை, அக்காவிடமிருந்து உடனே வா என்று ஆள் மேல் ஆள் வந்தது. மொட்டுக்காரர் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனார். பாராட்டு வாங்கப் போகிற சட்டை அது. அக்கா மரத்தடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் அளவு நாடா.

"இது என்னடா?"

"பழம்க்கா" என்று அசடு வழிந்தார்.

"பழம்னு எனக்குத் தெரியாதா? ஆண் மரத்துல பழம் எப்படிடா வந்துச்சு?"

மொட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். "ஆண் மரம்னு... உனக்கு எப்படி..."

"ரொட்டிக் கடைக்காரி உன்கிட்ட மட்டுமா சொன்னா? பாவாடை இடுப்பை விட வந்தப்போ ஒரு பை நிறைய மஞ்சப் பழம் கொண்டாந்து குடுத்துட்டு, உங்க தம்பி குடுத்த ஆம்பளை காய்க்குதுன்னு சிரிச்சா. அவ வீட்டுல காய்க்கிறது ஆம்பளைன்னா என் வீட்டுல நிக்கிறது யாரு? இதுக்குப் பெரிய படிப்பா வேணும்? வருஷா வருஷம் அவ பழம் குடுக்கிறா, நானும் தின்னுட்டுதான் இருக்கேன்."

"அப்போ ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை?"

"எதுக்குக் கேட்கணும்? காலர் கிழிஞ்சதுக்குத் திட்டறேன், தலை சீவாததுக்குத் திட்டறேன். மரம் காய்க்கலைன்னு உன்னை ஒரு நாளாவது திட்டினேனா? அதுலயாவது உனக்கு உறைக்க வேண்டாம்?"

யோசித்துப் பார்த்தால், ஆமாம். அத்தனை வருஷத் திட்டில் மரம் வரவே இல்லை.

அக்கா குரலைத் தணித்தாள். "நான் ஒரு தடவை அவகிட்ட போய் இருந்துட்டு வந்தேனில்ல. தங்கமாத்தான் பாத்துக்கிட்டா. ஆனா அங்க ஜன்னலைத் திறக்க முடியாதுடா. திறந்தாலும் கீழ போறது யாருன்னு தெரியாது. ஒருத்தர் இடுப்பும் எனக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. காலைல அவ வேலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் நான் பேசறதுக்கு ஃப்ரிட்ஜ்தான். உன் வீடு எனக்கு ஒத்துக்கலைன்னு பெத்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? அவ உடைஞ்சு போயிட மாட்டா? மரத்து மேல பழியைப் போட்டா யாருக்கும் வலிக்காது. நல்ல மரம், காய்க்காம நின்னு என்னைக் காப்பாத்திட்டிருந்துச்சு. அதுல கத்தியை வெச்சியே, பாவி!"

மொட்டுக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா போக விரும்பவில்லை! இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில், தான் செய்து வைத்திருக்கிற காரியம் மண்டையில் உறைத்தது. அதற்குள் முன்னறையில் போன் அடித்தது.

"அவதான்" என்றாள் அக்கா. "முகம் பாத்துப் பேசுவா. மரத்தைக் காட்டுன்னு கேப்பா. உன் பெண்டாட்டி வேற எல்லாத்தையும் ஒப்பிச்சு வெச்சிருக்கா."

உள்ளே ஓடினாள். யாரோ நீளம் குறைக்கக் கொடுத்திருந்த ஜன்னல் திரையை ஒரு கையிலும் போனை மறு கையிலுமாக எடுத்துக்கொண்டு வந்தாள். மொட்டுக்காரர் திரையை வாங்கிக் கொத்துகளின் மேல் வீசி, அது நழுவாமல் இருக்கப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"என்னம்மா, மரத்துக்குத் திரை போட்டிருக்கே?" என்றது போன்.

"துணி காயுது."

"மாமா அங்கதானே இருக்காரு? மாமா! அத்தை எல்லாம் சொன்னாங்க. நீங்க புதுசா ஒட்டுப் போட்டீங்களாமே? காய்ச்சிருக்கா? நீங்க கட்டினா தப்பாதே மாமா!"

மொட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அந்த வாயில் புழங்காத வார்த்தை, எப்படி வெளியே வரும்?

"பிடிக்கலைம்மா" என்றார் கடைசியில். "எல்லாம் பட்டுப் போச்சு."

போனில் மகள் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க மாட்டாமல் அவர் திரையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"பரவாயில்லை மாமா" என்றாள், மெதுவாக. நல்ல பெண், அவரைத் தேற்றத்தான் பார்த்தாள். "உங்களுக்கும் வயசாகுதில்ல. கை முன்ன மாதிரி இருக்குமா? அம்மா, இனிமே மாமாவை ஏணியில ஏறவிடாதே. கத்தியைக் கையில குடுக்காதே. வேற நல்ல ஆளா ஒருத்தரைக் கூப்பிட்டு..."

"யாருடி நல்ல ஆளு?"

அக்காவின் குரல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். தம்பியை அவள் திட்டுவாள், காலையில் நாலு, தேவைப்பட்டால் மாலையிலும் நாலு. அந்த உரிமை அவள் ஒருத்திக்குத்தான். பெற்ற மகளுக்கும் பங்கு கிடையாது.

"யாருக்குடி கை போச்சு? அவன் கட்டி எதுடி பட்டுப் போச்சு? இந்தா, கண்ணைத் திறந்து பாரு!" என்று சொல்லித் திரையை இழுத்தெறிந்தாள். போனைக் கொத்துகளுக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினாள். "ஒரு மொட்டு தப்பலை. ஆண் மரத்தையே காய்க்க வெச்சிருக்கான் என் தம்பி!"

மஞ்சள் கொத்துகள் காலை வெயிலில் ஜொலித்தன. அக்கா அப்போதுதான் தான் செய்ததை உணர்ந்து நின்றாள்.

"காய்ச்சிருக்கேம்மா" என்றாள் மகள். "அப்போ மாமா ஏன் பொய் சொல்றாரு?"

அக்கா போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"எனக்காகச் சொன்னான். நான் வரலைடி. மரம் காய்ச்சாலும் வரலை, காய்க்கலைன்னாலும் வரலை. உன் மேல குறை ஒண்ணுமில்லை. இந்த ஜன்னல்ல உக்காந்திருந்தாதான் நான் நானா இருக்கேன். இதை உன்கிட்ட நேரா சொல்லத் தைரியம் இல்லாம மரத்தைச் சொல்லிட்டிருந்தேன்."

மகள் அழுதாள். அழட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். மொட்டுக்காரர் திரையை எடுத்து மடித்தார், ஒழுங்காக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தார்.

"நான் ஒரு ரூம் வெச்சிருந்தேன்மா" என்றாள் மகள்.

"தெரியும். அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். மிஷின் நல்ல மிஷின்."

மகள் அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பழம் இனிப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் யாரும் தின்னு பாக்கலை. நீ வா. வந்து பறிச்சுத் தின்னுட்டு நீயே சொல்லு."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. வருஷக்கணக்காக வா வா என்று கூப்பிட்டவள் அவள். அவளை யாரும் வா என்று கூப்பிட்டதே இல்லை. "லீவு கேட்டுப் பாக்கறேன்" என்றாள். பிறகு, "கேட்டுடறேன். அடுத்த மாசம்" என்றாள்.

போனை வைத்ததும் அக்கா உள்ளே போய்க் கொசுவலைத் துணியைத் தேடி எடுத்து, மிஷினில் உட்கார்ந்து சின்னச் சின்னப் பையாகத் தைக்கத் தொடங்கினாள். அணிலும் வௌவாலும் மகளுக்கு முன்னால் வந்துவிடுமே. பழுத்த ரம்புட்டான் அடுத்த மாசம் வரைக்கும் மரத்தில் தாங்காது என்பது மொட்டுக்காரருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. நல்ல சட்டையோடு ஏணியில் ஏறி, மஞ்சளானதையெல்லாம் விட்டுவிட்டு, கிளையின் நிழல் பக்கத்தில் இன்னும் பச்சையாக இருந்த பின்தங்கிய கொத்துகளாகத் தேடித் தேடிப் பை கட்டினார்.